நஞ்சம்மையாரின் மணிப்பூப் பாத்தி

குளிர்மலை முருகன் கோயிலுக்குத் தண்ணீர் சுமப்பதும், வாடிய மாலைகளை வாரிக் கொட்டுவதும் நஞ்சம்மையாரின் தொண்டு. ஒருநாள் பங்களாத் தோட்டம் ஒன்றில் களையெடுக்கப் போனவர் அந்த நீலப் பூவைக் கண்டார். ஒரே தண்டில் சின்னஞ்சிறு மணிகள் அடுக்கடுக்காய்! இது என் ஐயன் முன்னால் நிற்க வேண்டிய பூ என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார். காய்ந்த காய்களைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். தர்மகர்த்தா சென்னியப்பரிடம் மன்றாடி, மடைப்பள்ளிக்குப் பின்னால் ஒரு பாத்தி இடமும் பெற்றார்.

விதையோ பொடி மாதிரி இருந்தது. அவரைக்கொட்டை போடுகிற பழக்கத்தில் அம்மையார் அதன்மேல் விரல் கனத்துக்கு எருமண்ணைப் போட்டு மூடினார். ஒன்றுகூட முளைக்கவில்லை. ஓரத்தில் சிந்திய இரண்டு மூன்று மட்டும் மண்மேலேயே பச்சை காட்டின. பிழை விளங்கிவிட்டது. மீதி விதையை ஆடியில் ஈர மண்மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தியதோடு விட்டார். நாற்று மளமளவென்று வந்தது. முதல் வருஷம் இலை, மறுவருஷம்தான் பூ என்பது அந்தச் செடியின் குணம். அது அங்கே யாருக்குத் தெரியும்?

மாலை கட்டும் மாணிக்கப் பண்டாரத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏனுங்கம்மா, ஆண்டவனுக்குக் கீரை கடையப் போறீங்களா?"

"பூக்குமுங்க. ஐயனுக்குன்னு வெச்சது பூக்காம எங்க போகும்?" என்றார் அம்மையார்.

மார்கழிப் பனியில் தம் ஒரே கம்பளியைச் செடிகளுக்குப் போர்த்திவிட்டு, தாம் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டார். சொல்லும்போதே நெஞ்சு நெகிழ்கிறது.

வைகாசி விசாகத்தன்று மணிகள் திறந்தன. அடிப்பூ விரிந்து, மேலே இன்னும் மொட்டாக இருந்த தண்டுகளாகப் பார்த்து அறுத்து, வெண்கலக் குடத்துத் தண்ணீரில் நிறுத்திச் சந்நிதிக்குக் கொண்டுவந்தார். பண்டாரம் மறித்தார்.

"நார்ல தொடுக்க முடியாத பூ சாமிக்கு ஆகாதுங்க. குடத்துல நிக்க வெக்கறது எந்த ஊரு வழக்கம்?"

சென்னியப்பர் யோசித்தார். ஆண்டவனிடமே பூவாக்குக் கேட்போம், அவர் மறுத்தால் பாத்தியை இன்றே கொத்திவிட்டுச் சாமந்தி வைப்போம் என்றார்.

பூசாரி ஒரு மணிப்பூவை ஈரத்தோடு ஆண்டவனின் வலத்தோளில் ஒட்டி வைத்தார். உதிர்ந்தால் சம்மதம், நின்றால் மறுப்பு என்பது அந்தக் கோயில் வழக்கம். ஒரு நாழிகை போயும் பூ அசையவில்லை.

"வேண்டாங்கறாரு, நஞ்சம்மா," என்றார் சென்னியப்பர், வருத்தத்தோடுதான்.

அம்மையார் சிரித்தார். "வேண்டாம்னா தள்ளி விட்டிருப்பாருங்க. என் ஐயன் வாங்கி வெச்சுக்கிட்டாரு. அபிசேகத்தை ஊத்திப் பாருங்க."

பூசாரி பாலை ஊற்றினார். சந்தனம் கரைந்தது, திருநீறு கரைந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியும் நீலப் பூ தோளைவிட்டு நகரவில்லை. முதலில் கைகூப்பியவர் பண்டாரம். பூக்குடத்தைத் தாமே தூக்கிப் போய்ச் சந்நிதிப் படியில் வைத்தார்.

நஞ்சம்மையாரை வணங்குவோம். கொடுப்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம், வாங்கிக்கொள்வதில் குளிர்மலையானுக்கும் இருந்தது.