கிளமென்ட்டு சவுண்டு எனக்கு வேணும்

சத்தியமா சொல்றேன், இதுல ஒவ்வொரு வார்த்தையும் நெசம். ஒண்ணே ஒண்ணு பொய்யா இருந்தாலும் என் கிட்டார் கம்பி ஆறும் ஒண்ணா அறுந்து போகட்டும்.

எங்கிட்ட கிட்டார் இல்ல. அது வேற விஷயம்.

"யக்கா, கிளமென்ட்டு சவுண்டு எனக்கு வேணும்."

ததேயு இப்படித்தான் ஜெசிந்தா வீட்டு வாசல்ல வந்து நின்னான். கக்கத்துல ஒரு பெட்டி. மூஞ்சி, பல்லுவலிக்காரன் மூஞ்சி.

ததேயுவும் கிளமென்ட்டும் பெரம்பூர்ல ஒரே மாதா கோயில், பூசைக்குப் பாடுற ஒரே கொயர். ரெண்டு பேரும் கிட்டார். ரெண்டு பேருகிட்டயும் ஒரு வால்வு ஆம்ப். கிட்டாரைச் சொருகினா சத்தத்தைப் பெருசாக்கித் தர்ற பெட்டிங்க அது. அந்தக் காலத்து ரேடியோவுக்குள்ள கண்ணாடிக் குப்பி மாதிரி ஒண்ணு செவப்பா எரியுமே, அந்த வால்வு போட்டது.

கடையில வாங்கினது இல்ல. வீட்லயே பிளைவுட் அறுத்து, ஆணி அடிச்சு, அவங்கவங்க செஞ்சுக்கிட்டது. பெட்டி குக்கர் அளவு. பெருமை மட்டும் கோயில் மணிக்கூண்டு அளவு.

பெட்டிக்கு உள்ள இருக்கிற வேலை ஜெசிந்தாவோடது. இஸ்திரி போடுற பலகைதான் அவளுக்கு மேசை. வேலை பார்க்கும்போது ஒரு கை நைட்டி பாக்கெட்லயே இருக்கும். ஏன்னு கேட்டா, "ரெண்டு கையும் உள்ள விட்டா கரண்ட் நெஞ்சு வழியா போகும்"பா. அந்த ஏரியா கிட்டார்காரங்க அத்தனை பேரும் அவளுக்கு சிஷ்யப் பிள்ளைங்க.

வயசுல ததேயு பெரியவன். ஆனா காரியம் ஆகணுமே, அதனால யக்கா. அவ மரியாதைக்கு இவனை அண்ணேம்பா. ஆக, ரெண்டு பேருக்கும் ரெண்டு பேரும் மூத்தவங்க.

"கிளமென்ட் அண்ணே சவுண்டு எதுக்கு?"ன்னா ஜெசிந்தா. "உங்க சவுண்டுக்கு என்ன?"

"என் பொண்டாட்டி சொல்லிட்டா யக்கா."

"என்னன்னு?"

"தேன்னு."

"உங்களையா?"

"அவனை."

நடந்தது இதான். ஈஸ்டர் பூசை முடிஞ்சு ஷேர் ஆட்டோல வரும்போது, அவன் பொண்டாட்டி பிலோமி வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, "கிளமென்ட் அண்ணே கிட்டார் தேனா இழையுதுல்ல?"ன்னு கேட்டிருக்கா. ஆட்டோல இருந்தவங்க எல்லாம் ஆமான்னு தலையாட்டியிருக்காங்க. டிரைவரும் ஆட்டியிருக்கான். அவன் பூசைக்கே வரல.

அன்னைக்கு ராத்திரி பிலோமி நெத்திலி வறுத்துக்கிட்டே ஏதோ முணுமுணுத்திருக்கா.

"என்ன பாட்டு அது?"ன்னான் ததேயு.

"கிளமென்ட் அண்ணே காணிக்கை நேரத்துல வாசிச்சாரே, அது."

"மீன் தீயுது பாரு."

"தீயலையே."

"எனக்குத் தீயுது."

இதையெல்லாம் ஜெசிந்தாகிட்ட சொல்லிட்டு, பெட்டியை இஸ்திரி பலகை மேல வச்சான்.

"அவன் பெட்டிக்குள்ள ஏதோ வச்சிருக்கான் யக்கா. அது எனக்கும் வேணும். பிலோமி வாயால ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னைத் தேன்னு சொல்லணும். இல்லன்னா அந்த வீட்ல எனக்கு சோறு இறங்காது."

ஜெசிந்தா யோசிச்சா.

"கழட்டுற சாமான் எனக்கு. போடுற சாமான் உங்களுக்கு. எங்கேர்ந்து வருதுன்னு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

கேக்க மாட்டேன்னுட்டான். ஆனா நம்பல. பெட்டியைக் குடுக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், பிலோமியோட ரோஸ் கலர் நெயில் பாலிஷை எடுத்து, வால்வுல ஒரு பொட்டு, ஸ்பீக்கர்ல ஒரு பொட்டு, டிரான்ஸ்பார்மர்ல ஒரு பொட்டு வச்சான். நல்ல சாமானை மாத்திட்டா தெரியணுமாம். சந்தேகக்காரன் சாமி கும்பிட்டாலும் செருப்பு மேல ஒரு கண்ணு.

முதல்ல வால்வு மாறிச்சு.

ததேயு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனான். சுவிட்சைப் போட்டான். வலது கையால கம்பி மேல ஒரு தட்டு. டொய்ங். இடது கை பெட்டியில இருக்கிற திருகைத் திருகிச்சு. மறுபடி டொய்ங். திருகு. டொய்ங்.

பிலோமி மிக்ஸியைப் போட்டா.

மறுநாளே பெட்டியோட ஜெசிந்தா வீட்டு வாசல்ல நின்னான்.

"பாத்தியா யக்கா? தேங்கா சட்னி தேவலாம்னு ஆயிடுச்சு என் சவுண்டு."

ஸ்பீக்கர் மாறிச்சு.

டொய்ங். திருகு. டொய்ங்.

"எப்படி இருக்கு பிலோமி?"

"எது?"

"இப்ப வந்துச்சே, அது."

"முன்னாடி வந்ததும் இதானே?"

"இல்லடி. முன்னாடி டொய்ங். இது டொய்ய்ங்."

"பால்காரர் வந்துட்டாரு, விடுங்க."

டிரான்ஸ்பார்மர் மாறிச்சு. கண்டென்சர் மாறிச்சு. உள்ள ஓடுற ஒயர் கூட மாறிச்சு. ஜெசிந்தா ஒரு கையால கழட்டினா, ஒரு கையால ஈயத்தை உருக்கிப் பத்த வச்சா, வாயைத் திறக்கல. பழைய பொட்டுல ஒண்ணு கூட பெட்டிக்குள்ள மிச்சம் இல்ல. அவன் அறுத்த பிளைவுட் மட்டும்தான் அவனோடது.

இப்படியே மாசக்கணக்கு ஓடிச்சு. இதுக்கு நடுவுல அவன் கொயருக்குப் போறதையும் நிறுத்திட்டான்.

"ஏன் வரல?"ன்னு கொயர் மாஸ்டர் கேட்டாரு.

"சவுண்டு ரெடியாகல. ரெடியானதும் பாருங்க, நான் வாசிக்கிறதைக் கேட்டு மாதா சிலையே திரும்பிப் பாக்கும்."

ஆனா ஞாயித்துக்கிழமை வந்தா வீட்ல இருக்க முடியுமா? முடியாது. கோயில் பின்சுவர் ஓரமா நின்னு காதைச் சுவத்துல வச்சுக் கேப்பான். உள்ள கிளமென்ட் வாசிப்பான்.

"அடப்பாவி! போன வாரத்தை விட இந்த வாரம் இன்னும் நல்லா இருக்கே!"

பக்கத்துல சைக்கிள் நிறுத்த வந்தவர் இவனை உத்துப் பாத்துட்டு, சைக்கிளைத் திருப்பி வேற இடத்துல கொண்டு போய் நிறுத்தினாரு.

வீட்டுக்கு வந்தா பிலோமி சொல்றா: "இன்னைக்கு கிளமென்ட் அண்ணே கண்ணுல தண்ணி வரவச்சுட்டாருங்க."

அதுக்கு மேல தாங்கல.

அடுத்த ஞாயிறு. பூசை முடிஞ்சுது. கொயர்காரங்க எல்லாம் டீ குடிக்க வெளிய போனாங்க. ததேயு உள்ள நுழைஞ்சான். கிளமென்ட் பெட்டி மூலையில இருந்துச்சு. அந்தப் பெட்டிங்களுக்குப் பின்பக்கம் மூடி கிடையாது. குனிஞ்சா உள்ள அத்தனையும் தெரியும்.

குனிஞ்சான்.

வால்வுல ரோஸ் பொட்டு.

ஸ்பீக்கர்ல ரோஸ் பொட்டு.

டிரான்ஸ்பார்மர்ல ரோஸ் பொட்டு.

தன் சாமான்தானான்னு வால்வைத் தொட்டுப் பாத்தான். எரிஞ்சு அணைஞ்ச சூடு. வலது ஆள்காட்டி விரல் வெந்துச்சு. கோயில்ல சொல்லக் கூடாத வார்த்தை ஒண்ணு சொன்னான். மாதாவைப் பாத்து மன்னிப்பு கேட்டான். அங்கேர்ந்து ஓடினவன், தன் வீட்ல நுழைஞ்சு பெட்டியையும் கிட்டாரையும் தூக்கிக்கிட்டு ஜெசிந்தா வீட்லதான் நின்னான்.

"யக்கா! என் சாமான் பூரா அவன் பெட்டியில இருக்கு!"

"ம்."

"என் நெயில் பாலிஷு!"

"நல்ல கலர்."

"அப்ப எனக்கு என்னத்தைப் போட்டே?"

"கேக்க மாட்டேன்னீங்க."

"இப்பக் கேக்கறேன்!"

"கிளமென்ட் அண்ணே பெட்டியில கழட்டினதை."

ததேயு அப்படியே உக்காந்தான். உக்கார்ற இடத்துல இஸ்திரிக்கு வச்ச துணி இருந்துச்சு. அதைப் பத்தி யாரும் கவலைப்படல.

"அவன் இங்க வந்தானா?"

"நீங்க வந்த அதே வாரம் வந்தாரு."

"எதுக்கு?"

"ததேயு அண்ணே சவுண்டு வேணும்னு."

"என் சவுண்டா?"

"உங்க சவுண்டுதான்."

"கிளமென்ட்டா கேட்டான்?"

"கிளமென்ட் அண்ணேதான்."

"எப்படிக் கேட்டான்? சும்மா கேட்டானா, கெஞ்சினானா?"

"கண்ணு கலங்கிச்சு."

ததேயு மூஞ்சியில பல்பு எரிஞ்சுது.

"யக்கா, அதை இன்னொரு தடவை சொல்லு."

"கண்ணு கலங்கிச்சு."

"எந்தக் கண்ணு?"

"அண்ணே!"

கொஞ்ச நேரம் சிரிச்சுக்கிட்டு இருந்தான். அப்புறம் சிரிப்பு நின்னுச்சு. மெதுவா, கணக்குல வீக்கான பையன் மாதிரி, ஒவ்வொண்ணா கூட்டினான்.

"அப்ப போன வாரம் பிலோமி கண்ணுல தண்ணி வந்துச்சே, அது என் சாமானுக்கு."

"ஆமா."

"அவ ஈஸ்டருக்குத் தேன்னு சொன்ன சாமான் இப்ப என் பெட்டியில."

"ஆமா."

"அதை நான் வீட்ல தட்டினா அவ மிக்ஸி போடுறா."

ஜெசிந்தா பலகை மேல இருந்த இஸ்திரிப் பெட்டியை ஓரமா நகர்த்தினா.

"அப்ப சாமான் இல்ல." ததேயு குரல் உள்ள போயிடுச்சு. "ஆளு. எந்தச் சாமான்ல வாசிச்சாலும் அவன்தான் அவளுக்குத் தேன். பெட்டியைத் திறந்து எல்லாத்தையும் மாத்தினோம். என்னை எங்கன்னு திறப்ப யக்கா? என் குடும்பமே போச்சே."

கண்ணைத் துடைச்சான். இஸ்திரிக்கு வச்ச யாரோட சட்டையோ கையில மாட்டுச்சு. அதுல துடைச்சான்.

ஜெசிந்தா பாக்கெட்ல இருந்த கையை எடுத்தா. அவன் பெட்டியைப் பலகை மேல ஏத்தினா. சுவிட்சைப் போட்டா. கிட்டாரைச் சொருகி அவன் மடியில வச்சா.

"காணிக்கை நேரத்துப் பாட்டு. வாசிங்க."

"அவன் வாசிச்சதையா? நானா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கா தெரியாது! அவனுக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"அப்ப வாசிங்க."

ததேயு வலது கை விரலைத் தூக்கிக் காட்டினான். "வெந்திருக்கு யக்கா."

"மத்த விரலால தட்டுங்க. கம்பியை அழுத்துறது இடது கைதானே?"

வேற வழி இல்ல. முதுகை நிமித்தினான். இடது கையைக் கிட்டார் கழுத்துல கொண்டு போனான். விரலை விரிச்சு, கம்பியை அழுத்தினான்.

"ஸ்ஸ்... ஆ!"

கையை எடுத்துட்டான். இடது கை விரல் நுனியைப் பாத்தான். தினம் கம்பியை அழுத்தி அழுத்தி காய்ப்பு காய்ச்சு கல்லு மாதிரி இருந்த நுனி அது. இப்ப குழந்தை கன்னம் மாதிரி மெத்துனு இருக்கு. அதுல கம்பி தடம் செவப்பா, பள்ளமா விழுந்திருக்கு.

"வலிக்குதா அண்ணே?"

"வலிக்குது யக்கா."

"வலிக்கும்"ன்னா ஜெசிந்தா. "புதுசா கத்துக்கிறவங்களுக்கு எல்லாம் வலிக்கும்."

அவ்வளவுதான் கதை. யாரும் எழுந்திரிக்காதீங்க, வாசல்ல என் செருப்பு மட்டும்தான் வெளிய இருக்கு, உங்க செருப்பெல்லாம் ஒளிச்சு வச்சுட்டேன். ஆளுக்கு ஒரு போண்டா, ஒரு ஸ்ட்ராங் டீ. சூடா வரணும். நடுவுல கொட்டாவி விட்டாரே, அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரர் ரெண்டு போண்டா. குடுக்காம நழுவுறவங்களுக்கு நான் சாபம் எல்லாம் விட மாட்டேன். பக்கத்து வீட்டு மீன் குழம்பு வாசனை மட்டும் தினமும் ஜன்னல் வழியா வந்துக்கிட்டே இருக்கட்டும்.