கொக்கின் கதவுக் கணக்கு

மேடும் பள்ளமுமான ஒரு காட்டில் கரடி ஒன்று கார் வைத்திருந்தது. எஞ்சினில் இரண்டு சின்னக் கதவுகள். உள்கதவு வழியாகக் காற்றும் பெட்ரோலும் போகும். வெளிக்கதவு வழியாகப் புகை வரும். கயிற்றை இழுத்து அவற்றைத் திறந்து மூடுவது கொக்கின் வேலை.

அன்று கரடிக்குக் கல்யாணம். பெண் வீடு மலைக்கு அந்தப் பக்கம். கையில் இருந்தது ஒரே ஒரு கேன் பெட்ரோல்.

"போன முறை நடுமலையில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. நான் நடந்து போய்ச் சேர்வதற்குள் பெண் வேறொரு கரடிக்கு மாலை போட்டுவிட்டாள்," என்றது கரடி, அழாத குறையாக. "இந்த முறையும் கவிழ்த்துவிடாதே, கொக்கு!"

"நானா? இருபது வருடமாக ஒரே கணக்கு. வெளிக்கதவு மூடும் முன்பே உள்கதவைத் திறந்துவிடுவேன். ஒருநாள்கூட மாற்றியதில்லை!"

சமவெளியில் கார் பறந்தது. மலையில் ஊர்ந்தது. பாதி ஏறுவதற்குள் முக்கால் கேன் காலி.

பின் சீட்டில் மாலையைப் பிடித்திருந்த அணில் கீழே குதித்தது. காரோடு நடந்தபடியே புகைக்குழாயை முகர்ந்து பார்த்தது.

"அண்ணே! இரண்டு கதவும் சேர்ந்து திறந்திருக்கும்போது பெட்ரோல் எரியாமலே புகையோடு வெளியே போகிறது!"

"டேய் பொடியா, என் வேலையில் குறை சொல்கிறாயா?" என்று கொக்கு கழுத்தை நீட்டியது.

"ஐயோ, இல்லை மாமா. ஒரு சந்தேகம். வேகமாக வரும் மீனை எப்படிப் பிடிப்பீர்கள்?"

"அது வந்து சேரும் முன்பே கொத்திவிடுவேன்."

"மெதுவாக வரும் மீனை?"

"முன்பே கொத்தினால் வாயில் தண்ணீர்தான் மிஞ்சும். கொஞ்சம் பொறுத்து..."

கொக்கு கையிலிருந்த கயிற்றைப் பார்த்தது. வெளிக்கதவு முழுதாக மூடும்வரை பொறுத்து, அதன் பிறகே உள்கதவைத் திறந்தது.

பெட்ரோல் உள்ளேயே எரிந்தது. கார் மலையைத் தாண்டியது. சமவெளி வந்து வேகம் கூடியதும் காற்று உள்ளே புக நேரம் போதவில்லை; கொக்கு பழையபடி முந்தித் திறந்தது.

பெண் வீட்டு வாசலில் கார் நின்றது. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. கேனில் ஒரு டம்ளர் பெட்ரோலும் இருந்தது.

"இவ்வளவு சிக்கனமா!" என்று மாமனார்க் கரடி வாயைப் பிளந்தது.

"ஏற்றத்துக்கு ஒரு நேரம், வேகத்துக்கு ஒரு நேரம்," என்றது கொக்கு. "இருபது வருடமாக இப்படித்தான் திறக்கிறேன்!"

அணில் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தது.

நீதி: தவறாமல் செய்வது மட்டும் போதாது, வேகம் மாறும்போது நேரத்தையும் மாற்றிச் செய்.