ஏரிக்கரைக் கோட்டை அரைமதிலோடு நின்ற கதை

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் நாத்தனார் சூடாமணி. தலைப்பிரசவத்துக்கு நான் நாள் எண்ணிக்கொண்டிருந்த ஆடி மாதம் அது.

ஏரிக்கரைக்குக் கீழே கோட்டை கட்டிய பாளையக்காரருக்கு மதிலின் உயரம் போதவில்லை. "ஏரிக்கரையை வெட்டி மண் கொண்டுவாருங்கள்" என்று கோட்டை வாசலில் நின்று உத்தரவு போட்டார். ஏரியோ தளும்பிக் கிடந்தது. கரை போனால் ஊரின் விளைச்சலே போகும். மறுத்தால் ஊரை விட்டே விரட்டிவிடுவார். ஊர்க் கூட்டத்திலிருந்து, ஏரி மடையைத் திறந்து மூடுகிற பூங்காவனம் முன்னால் வந்தாள்.

"வெட்டிடலாம் சாமி. ஆனா கரைக்கு நேர் கீழே உங்க கோட்டைதான் இருக்குது."

"பீரங்கிக்கே அசையாத மதில் இது. தண்ணிக்கா பயப்படும்?"

"அதானே சாமி. கரையில மண்வெட்டி படும்போது, கீழே குடியிருக்கிறவங்க வீட்டுக்குள்ளயே உட்கார்ந்திருக்கணும். அது எங்க வழக்கம். ராணியம்மாவும் பிள்ளைங்களும் உள்ளேயே இருக்கட்டும், இப்பவே வெட்டறோம்."

பாளையக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். அதற்குள், மேல்மாடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ராணியம்மா இடுப்பில் குழந்தையும் கையில் நகைப்பெட்டியுமாக வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் மேட்டுப்பக்கம் நடந்தாள். பின்னாலேயே மாமியார், சமையல்காரர், கடைசியில் காவல்காரர்களும்.

"மதில் இந்த உயரமே போதும்" என்றார் பாளையக்காரர்.

அந்தக் கோட்டை இன்று இடிந்து கிடக்கிறது. ஆண்டவன் புண்ணியத்தில் கரை மட்டும் நிற்கிறது. நீங்கள் பார்க்கப் போனால், கரைமேல் வண்டியை ஏற்றாமல் நடந்து போங்கள்.