மெஹர் லைன்

தாட்சாயணிக்கு வயது முப்பத்தொன்பது. அவரிடம் தொழில் கற்றுக்கொண்ட அருள்தாஸுக்கு ஐம்பத்தொன்று. வயதில் மூத்தவர் சீடராக அமைந்தால் இரண்டு பேருக்குமே சங்கடம்தான். தாட்சாயணி அவரை 'சார்' என்பார். அருள்தாஸ் அவரை 'மேடம்' என்பார். இப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது.

சிறுசேரியில் அவர்கள் வேலை பார்த்த இடத்தில் சிப் வடிவமைத்தார்கள். ஒரு சிப்பிலிருந்து இன்னொரு சிப்புக்குத் தகவல் போக எட்டு லைன்கள். எட்டையும் எட்டுப் பேர் வரைந்தார்கள். யார் வரைந்த லைனோ அவர் பெயராலேயே அதைக் கூப்பிடுவது அங்கே வழக்கம். அருள் லைன், சடகோபன் லைன், மெஹர் லைன். விளையாட்டாக ஆரம்பித்த வழக்கம்தான். அது ஓர் ஆளையே விழுங்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

போன வருடம் சிப் தயாராகி வந்தபோது ஏழு லைன்கள் ஒழுங்காக இருந்தன. எட்டாவதில் மட்டும், பூஜ்யம் அனுப்பினால் அவ்வப்போது 'ஒன்று' என்று போய்ச் சேர்ந்தது. அது மெஹர் லைன். மெஹர்பானு வாணியம்பாடிப் பெண். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

"மெஹர் இன்னிக்கும் தப்பா சொல்றா" என்று சோதனை மேஜையிலிருந்து தினமும் யாராவது குரல் கொடுப்பார்கள். லைனைத்தான் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி, அது பெண்ணைச் சொல்வதாகவே ஆகிப்போனது.

மூன்றாவது வாரம் அருள்தாஸ் அறிக்கை எழுதினார். எட்டாவது லைனை வரைந்ததில் கவனக்குறைவு என்று ஒரே வரி. தாட்சாயணி கையெழுத்துப் போட்டார். மெஹர்பானு அந்த மாதக் கடைசியில் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

அந்தச் சிப்பை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று செய்தார்கள். இந்த முறை எட்டாவது லைனை அருள்தாஸே வரைந்தார். ஆறு வருடமாகக் கற்றதை எல்லாம் அதில் கொட்டினார். சிப் வந்தது. எட்டாவது லைன் அதே மாதிரி தப்பாகச் சொன்னது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அருள்தாஸ் தாட்சாயணியிடம் வந்து நின்றார்.

"மேடம், எட்டாவது லைன்ல மின்சார இரைச்சல் இருக்கு. அதை எப்படிக் குறைக்கிறது?"

"லைன்லயா இருக்கு?"

"வேற எங்க இருக்கும்?"

தாட்சாயணி எழுந்து சோதனை மேஜைக்குப் போனார்.

"மத்த ஏழையும் நிறுத்துங்க சார். எட்டாவதுல வெறும் பூஜ்யத்தை அனுப்புங்க."

அருள்தாஸ் அப்படியே செய்தார். அளக்கும் கருவியின் திரையில் எட்டாவது லைனின் கோடு நேராகப் போனது. தப்பு ஒன்றும் வரவில்லை.

"இப்ப ஏழையும் ஒண்ணா ஓட விடுங்க."

ஓட விட்டார். கோடு அப்போதும் நேராகவே இருந்தது. ஆனால் தகவல் போய்ச் சேரும் சிப்பில் தப்புகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது.

"பாத்தீங்களா மேடம்? கோடு சுத்தமா இருக்கு, தப்பும் வருது. போன வருஷமும் இதேதான்."

"கருவியோட கிரவுண்டு கிளிப்பை எங்க மாட்டியிருக்கீங்க?"

"தகவல் அனுப்புற இந்தச் சிப்போட கிரவுண்டுலதான். எப்பவும் அங்கதானே மாட்டுவோம்?"

கிரவுண்டு என்பது ஒரு சிப்பில் எட்டு லைனுக்கும் பொதுவான தரை. பூஜ்யம் என்றால் அந்தத் தரையோடு சமமாக இருப்பது. தாட்சாயணி கிளிப்பைக் கழற்றி, தகவல் போய்ச் சேரும் சிப்பின் தரையில் மாட்டினார்.

நேராக இருந்த கோடு எகிறியது. ஏழு லைன்களும் சேர்ந்து பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் அது எகிறி எகிறி விழுந்தது.

அருள்தாஸ் கையால் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"லைன் ஆடல சார்" என்றார் தாட்சாயணி. "ஏழும் ஒரே சமயத்துல மின்சாரத்தை இழுக்கும்போது இந்தச் சிப்போட தரை ஆடுது. நாமளும் அதே தரையில நின்னு பாத்தோம். நமக்கு எல்லாம் நேராத்தான் தெரியும்."

"எட்டாவது மட்டும் ஏன் மேடம்?"

"மின்சாரம் உள்ள வர்ற இடத்துலேர்ந்து அதுதான் கடைசி. பக்கத்துலயே மின்சாரத்தைச் சேத்து வைக்கிற சின்ன கபாசிட்டர் ஒண்ணு இருந்திருந்தா தாங்கியிருக்கும். ரெண்டு தடவையும் இடம் பத்தலைன்னு அதை எடுத்தது யாரு?"

"நான்தான்."

"இப்போதைக்கு ஏழையும் கொஞ்சம் முன்னப்பின்ன மாற விடுங்க. ஒரே சமயத்துல வேணாம்."

அருள்தாஸ் கணினியில் நேரங்களை மாற்றி அமைத்தார். எண்ணிக்கை நின்றது. அரை மணி நேரம் காத்திருந்தார்கள். ஒரு தப்புகூட வரவில்லை. துள்ளிக் குதித்திருக்க வேண்டிய மனிதர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"தரை ஆடுதுன்னு அந்தப் பொண்ணு அறிக்கைக்கு முன்னாடி நடந்த மீட்டிங்லயே சொல்லிச்சு மேடம்."

தாட்சாயணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கப்புறம் அது வேலை கேட்டுப் போன ரெண்டு கம்பெனிலேர்ந்து என்னைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. கவனம் பத்தாத பொண்ணுன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன்."

அருள்தாஸ் எழுந்து, வராந்தாவுக்குப் போய், மெஹர்பானுவின் எண்ணைத் தேடிக் கூப்பிட்டார்.

"உன் லைன்ல ஒரு தப்பும் இல்லம்மா. தரைதான் ஆடியிருக்கு."

"தெரியும் சார்."

"நான் எழுதித் தர்றேன். திரும்பி வந்துடும்மா."

"வேணாம் சார். இங்க ஒரு ஸ்கூல்ல கணக்கு எடுக்கறேன். இனிமே அந்தப் பக்கம் வர மனசில்ல." பின்னால் பள்ளிப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. "ஒண்ணு மட்டும் கேக்கட்டுமா சார்?"

"கேளும்மா."

"அன்னிக்கு மீட்டிங்ல நான் சொன்னப்ப எல்லாரும் பேசிக்கிட்டிருந்தாங்க. அந்தச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கலைன்னுதான் இத்தனை நாளா என்னை நானே தேத்திக்கிட்டிருக்கேன். கேக்கலதானே சார்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"கேட்டுச்சும்மா" என்றார்.

"சரி சார்" என்று அவள் வைத்துவிட்டாள்.

அவர் உள்ளே வந்தபோது தாட்சாயணி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அருள்தாஸ் நின்றபடியே நடந்ததை எல்லாம் சொன்னார்.

"கேக்கலைன்னு சொல்லியிருக்கலாம் மேடம். அந்தப் பொண்ணுகிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டேன். நான் செஞ்சது சரியா?"

தாட்சாயணி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு மீட்டிங்ல நான் மெஹருக்குப் பக்கத்து நாற்காலியில இருந்தேன் சார். எனக்கும் கேட்டுச்சு."