மன்னர் நெற்றியில் விழுந்த மழை

வெகு காலத்துக்கு முன்பு, வெண்கரடு என்ற வறண்ட நாட்டை வாகைமாறன் என்ற மன்னர் ஆண்டுவந்தார். அங்கே வானத்திலிருந்து தண்ணீர் விழுவதே அபூர்வம். வேறு எதுவும் விழுந்ததாக யாருக்கும் நினைவில்லை.

ஒரு சித்திரை மதியம் இடி இடித்தது. மழை பார்க்க முற்றத்துக்கு ஓடிய மன்னரின் நெற்றியில் 'டொக்' என்று ஏதோ விழுந்தது. தொடர்ந்து படபடவென்று வெள்ளைக் கற்கள். மன்னர் உள்ளே ஓடிவருவதற்குள் நெற்றி கொட்டைப்பாக்கு அளவுக்கு வீங்கிவிட்டது.

"யாரடா என்மேல் கல்லெறிந்தவன்?"

பிரதானி தண்டராயருக்கு அமைச்சர் உடையார்நம்பியைக் கண்டாலே ஆகாது. கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்த சடையாண்டியோ அமைச்சர் அமர்த்திய ஆள்.

"மேலே இருந்தவன் இவன் ஒருவன்தான், பிரபு. ஏவியது யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?" என்று அவனைக் காட்டினார் தண்டராயர்.

"வெட்டுங்கள் இவன் வலக்கையை!" என்றார் மன்னர்.

"சாமி, எம்மேலயும்தான் விழுந்துச்சு!" சடையாண்டி அழுதுகொண்டே முதுகைக் காட்டினான். அந்தக் கையை நம்பி அவன் வீட்டில் ஆறு வயிறுகள். முதுகை யாரும் பார்க்கவில்லை.

அமைச்சர் நிதானமாக எழுந்தார். "வெட்டலாம், பிரபு. முதலில் சாட்சியைப் பத்திரப்படுத்துவோம். கற்களைக் குடத்தில் போட்டு முத்திரை வையுங்கள், மாலையில் சபையில் திறப்போம். தண்டராயரே, நீங்கள் தொட்டுப் பார்த்தீர்களா?"

"என் கையாலேயே எடுத்தேன். ஆற்றுக்கல். வெயில் சூடுகூட ஆறவில்லை."

பட்டாடை நனையும் என்று அவர் தூணைவிட்டு நகரவே இல்லை. கற்களை அள்ளிய காவலர்களுக்கு விரல் மரத்துப்போனது. பிரதானியே சூடு என்ற பிறகு குளிர்கிறது என்று சொல்ல அவர்களுக்கு என்ன பைத்தியமா?

மாலையில் முத்திரையை உடைத்துக் குடத்தைக் கவிழ்த்தார்கள். தண்ணீர்தான் கொட்டியது.

"மாயம்! மந்திரம்!" என்றார் தண்டராயர்.

அமைச்சர், கரையாமலிருக்க உமிக்குள் புதைத்து வைத்திருந்த ஒரு வெள்ளைக் கல்லைக் கூடையிலிருந்து எடுத்து, பாக்குவெட்டியால் பிளந்து மன்னர் கையில் வைத்தார்.

"ஐயோ, குளிர்கிறதே! தண்ணீரா இப்படி ஆனது?"

"ஆமாம், பிரபு. மேகத்தில் இருப்பவை பொடித்துளிகள். பொடியாகவே இறங்கினால் தூறல். ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து விழுந்தால் மழை. கோடையில் சூடான காற்று அந்தத் துளிகளை உச்சிக்குத் தூக்கிவிடுகிறது. அங்கே கடுங்குளிர், உறைந்துபோகும். விழப் பார்க்கும், காற்று மறுபடி தூக்கும். ஒவ்வொரு தடவையும் மேலே ஒரு தோல் ஏறும். காற்றால் தாங்க முடியாத கனம் வந்ததும் கீழே விழும். வெங்காயம் போல அடுக்கு தெரிகிறதல்லவா? இதுதான் ஆலங்கட்டி. வடக்கே பெருமலைகளில் ஆவி தண்ணீராகாமலே உறைந்து பஞ்சு பஞ்சாக இறங்கும். அது பனி."

"அது விழுந்திருக்கக் கூடாதா என் தலையில்!" என்று மன்னர் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு திரும்பினார். "எந்தக் கல்லைத் தொட்டீர், தண்டராயரே?"

தண்டராயர் பட்டாடையை இழுத்துச் சேர்த்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

மன்னர் தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார். "சடையாண்டி, உனக்கு என்ன வேண்டும்?"

"எரநூறு ஓடு ஒடஞ்சு கெடக்கு சாமி. ஏணியில நின்னு எடுத்துக் குடுக்க ஒரு ஆளு வேணும்."

மறுநாள் காலை ஆள் வந்து சேர்ந்தார், பட்டாடையோடு. முதல் ஓட்டைத் தலைக்குமேல் தூக்கி நீட்டினார் தண்டராயர். சடையாண்டி குனிந்து வலக்கையால் வாங்கிக்கொண்டான்.