புழுவை நிமிர்த்திய வாத்தியார்

குலசேகரன் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராகவே இருந்து ஓய்வு பெற்றவர். எது கோணலாக நின்றாலும் அவர் கை சும்மா இருக்காது. ஓய்வுக்குப் பிறகு ஞானாம்பிகை அம்மாளிடம் சீடராகச் சேர்ந்து, மடத்து மொட்டை மாடியில் இருந்த தொட்டிச் செடிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அம்மாளுக்கு அவரைவிட வயது குறைவு. காவி கட்டுவதற்கு முன்னால் வத்தலக்குண்டில் நாற்றுப்பண்ணை வைத்திருந்தவர்.

அன்று காலை குலசேகரன் இரண்டு முடிவுகளோடு மாடியேறினார். ஒன்று, தொட்டி உரத்தில் கண்ட புழுக்களை வெந்நீர் ஊற்றிக் கொல்வது. மற்றது, கீழே கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் மகளைப் பார்க்காமல் இருப்பது.

மகள் நிறைமதி இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பைக் மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ளப் போனவள். படிப்பை முடிக்காமல் வாசல்படி மிதிக்காதே என்று அவர் சொல்லி ஒரு வருஷம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வர முடியாதவள் மடத்துக்கு வந்திருந்தாள். கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது, மதியம் பஸ், அதற்குள் அப்பா ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று மேலே சொல்லி அனுப்பியிருந்தாள்.

அம்மாள் மாடிக்கு வந்தபோது குலசேகரன் வாடிப்போன கத்தரிச் செடியோடு தொட்டியைச் சாக்கின் மேல் கவிழ்த்திருந்தார். கறுத்த உரத்துக்குள் கொழுத்த வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. பக்கத்தில் குண்டானில் வெந்நீர் ஆவி பறந்தது.

"வாத்தியாரய்யா, கீழ உங்க பொண்ணு காத்துக்கிட்டிருக்கு."

"தெரியும்மா. இதை முடிச்சிடறேன்."

"என்ன புழு அது?"

"வேர்ப்புழு. கத்தரி வேரைத் தின்னுருச்சு."

"தின்னதைப் பாத்தீங்களா?"

"வேருக்குப் பக்கத்துலதாம்மா இருந்துச்சு."

"தினமும் நீங்களுந்தான் அதுக்குப் பக்கத்துல இருக்கீங்க."

குலசேகரனுக்குச் சுருக்கென்றது. குண்டானைக் கீழே வைத்தார்.

"வேரைத் திங்கிறதும், மக்கினதைத் திங்கிறதும் பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும்" என்றார் அம்மாள். "நடக்கவிட்டுப் பாருங்க. வேர்ப்புழுன்னா காலை ஊனி நடக்கும். அப்ப ஊத்துங்க, நான் தடுக்கல."

அவ்வளவுதானே என்று குலசேகரன் ஒரு புழுவை எடுத்துத் தட்டோடு பதித்த தரையில் விட்டார். அது மெல்ல விரிந்தது. அப்படியே புரண்டு மல்லாந்தது. ஆறு காலும் ஆகாயத்தைப் பார்த்தன.

"விழுந்துருச்சு" என்று சொல்லி நிமிர்த்தி வைத்தார். புழு சுருண்டுகொண்டது. சற்றுப் பொறுத்து விரிந்தது, மறுபடியும் மல்லாந்தது. மறுபடியும் நிமிர்த்தினார்.

எத்தனை பையன்களை வரிசையில் நிறுத்தியவர், ஒரு புழுவிடம் தோற்பதா? மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டார். விரல் இரண்டால் அணை கொடுத்துப் பார்த்தார். வெயில் பிடரியில் ஏறியது. அவர் தொடத் தொட அது சுருண்டது, விட்டால் மல்லாந்தது. "நட" என்று ஒரு தடவை அதட்டியும் பார்த்தார். அம்மாள் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே நிறைமதி யாரிடமோ மணி கேட்கும் குரல் படிக்கட்டு வழியாக வந்தது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. எடுத்த முடிவு எடுத்ததுதானே.

"இதுக்கு நடக்கவே தெரியலம்மா" என்றார் கடைசியில்.

"கையை எடுங்க."

"எடுத்தா விழுந்துரும்."

"எடுங்களேன்."

எடுத்தார். புழு சுருண்டே கிடந்தது. பிறகு விரிந்து, புரண்டு மல்லாந்தது. தன்னை அறியாமல் அவர் கை நீண்டது. சிரமப்பட்டுக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மல்லாந்தபடியே புழு நகர்ந்தது. முதுகை அலை அலையாக நெளித்து, கால்கள் மேலே சும்மா கிடக்க, கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. அவர் நினைத்ததைவிட வேகமாகப் போய், சாக்கின் மேல் கிடந்த உரத்துக்குள் தலையை நுழைத்தது.

"முதுகாலயா நடக்கும்?"

"அதோட நடை அதான். இலை தழையைத் தின்னு உரமாக்கற புழு. உங்க கத்தரியை அது தொடவே இல்ல. நீங்க ஊத்தற தண்ணிக்கு வேர் அழுகாம என்ன செய்யும்?"

குலசேகரன் உரத்துக்குள் பாதி மறைந்திருந்த புழுவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது, அதைத் துடைக்கவும் இல்லை.

"அம்மா."

"சொல்லுங்க."

"நான் அதைப் புரட்டிப் புரட்டிப் போடாம இருந்திருந்தா?"

அம்மாள் எழுந்து வந்து, சிதறிக் கிடந்த உரத்தைக் கையால் அள்ளிப் புழுவின் மேல் மூடினார்.

"எப்பவோ வீடு வந்து சேந்திருக்கும்" என்றார்.