பூஜை அறைப் புழு

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அன்றைக்கும் அப்படித்தான். செருப்புகூடப் போடாமல் ஓர் ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் இவருக்குத் தங்கை மாதிரி. ஆனாலும் இவர் உபதேசம் வாங்கிக்கொண்டது அவரிடம்தான்.

"இது என்னன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்கம்மா. காலையில பூஜை அறையில, சாமி படத்துக்குக் கீழ கிடந்தது."

பாட்டிலுக்குள் விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு. தலைப்பக்கம் நீலமாக இரண்டு பொட்டு, முறைக்கிற கண் மாதிரி.

"நீங்க என்னன்னு நினைக்கிறீங்க?"

"செய்வினைதான், வேற என்ன? நேத்து சாயங்காலம் தம்பி பெண்டாட்டி செண்பகவல்லி பத்திரிகை வைக்க வந்தா. விடிஞ்சு பார்த்தா இது கிடக்கு. எந்த ஊர்ல புழுவுக்கு இப்படிக் கண்ணு இருக்கு?"

தம்பி போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. அவன் மகள் உமையாளுக்கு நாளை மறுநாள் கல்யாணம். கணவனை இழந்தவள் தாரை வார்க்க நிற்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். பெரியப்பாதான் நின்று கொடுக்க வேண்டும். பாகப்பிரிவினையில் இவரிடம் பட்டதையெல்லாம் விழுங்கிக்கொண்டு, செண்பகவல்லி வந்து காலில் விழுந்து கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"நான் போகப்போறதில்லை. பத்திரிகையை அவ மூஞ்சியில வீசிட்டுத்தான் மறுவேலை. கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

அம்மா பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நந்தியாவட்டைப் புழு. வளர்ந்தா பெரிய அந்துப்பூச்சியாப் பறந்துரும். நந்தியாவட்டை, அரளி இலைதான் இதுக்குச் சாப்பாடு."

"என் வீட்டுல ரெண்டுமே கிடையாது. அவ வீட்டுச் சுவரோரமாத்தான் நந்தியாவட்டை நிக்குது. பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல?"

"காலையில சாமிக்கு என்ன பூ சாத்தினீங்க?"

இருட்டோடு இருட்டாகத் துரட்டியை நீட்டி, செண்பகவல்லி வீட்டுச் சுவருக்கு மேலே கொப்பை வளைத்து, இலையும் மொட்டுமாகப் பையில் அள்ளியது ஆவுடையப்பன்தான். பூஜை செய்கிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் பறிக்கிறார்கள். அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை.

"நந்தியாவட்டை" என்றார் தரையைப் பார்த்து. உடனே ஆத்திரம் மறுபடி பொங்கியது. "பூவைத்தானே பறிச்சேன்? புழுவையா பறிச்சேன்?"

அம்மாவுக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. கீரைத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"பேசாதீங்க. ஒரு பொண்ணு கல்யாணம் நிக்கட்டும்னு சொன்ன வாயி இது."

அம்மா பாட்டிலை அவர் கையில் திணித்தார்.

"இதைக் கொண்டுபோய் அவ செடியிலயே விடுங்க. வாசல் வழியாப் போங்க."